பல்லரோவில் பெண் பார்த்தது

மேசை விளிம்பில் வாள்மீனின் தலையொன்று நிமிர்ந்து நிற்க, அதற்குப் பின்னால் மீன்காரன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். இத்தாலியின் பலேர்மோ நகரம் என்றதும் முதலில் என் கண்ணுக்குள் வருவது அந்தத் தலைதான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு வியாழக்கிழமை பின்னேரம், என் தம்பி கட்டப்போவதாகச் சொன்ன பெண்ணுக்குப் பக்கத்தில், பல்லரோச் சந்தையின் ஈரக் கற்களில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவளைப் பார்ப்பதற்கென்றே ஜேர்மனியில் இருந்து வந்திருந்தேன். தம்பி பலேர்மோவில் ஒரு வயோதிபரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தான். சீசா என்ற பகுதியில் இரண்டு அறை வீடு. அவள் மன்னார்ப் பெண், கத்தோலிக்க வேதக்காரி, அவனைவிட மூன்று வயது மூத்தவள். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். ஊரிலிருந்து அப்பா எனக்கு எழுதியிருந்தார்: "நீ போய்ப் பார். உன்ரை சொல்லுத்தான் முடிவு." அந்த ஒரு வரியைச் சுமந்துகொண்டு வந்த நான், அவளுக்கென்று ஒரு கைக்குட்டைகூட வாங்கி வரவில்லை. கொடுத்தால் சம்மதம் என்று ஆகிவிடுமே என்ற பயம்.

வீட்டு வேலை செய்பவர்களுக்கு அங்கே வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. கடைகள் பார்க்கவேண்டும் என்று நான் சொன்னதற்காக அவள் தன் வியாழனை எனக்குத் தந்தாள். அதைக்கூட நான் நல்லெண்ணமாக எடுக்கவில்லை. என்னை வளைத்துப்போடப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஜேர்மனியில் வாய் திறக்காமலே ஒரு கிழமைக்குரிய சாமானை வாங்கிவிடலாம். அவளோ பல்லரோவில் கடைக்குக் கடை நின்று மல்லுக்கட்டினாள். தக்காளியை மணந்து பார்த்தாள். மீனின் செவுளை விரித்துப் பார்த்தாள். கத்தரிக்காய் விற்றவரிடம் மனைவியின் இடுப்பு வலி சுகமா என்று விசாரித்து, அந்த விசாரிப்போடேயே விலையையும் இறக்கினாள். வாய்க்காரி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

சாளை மீன் பொட்டலத்தைப் பைக்குள் வைத்தபடி அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்கள் என்னைப் பாக்கத்தானே வந்தனீங்கள்? கேக்க இருக்கிறதை என்னட்டையே கேளுங்கோவன்."

நான் திடுக்கிட்டுப் போனேன். ஆனாலும் கேட்டுவிட்டேன். "என்ரை தம்பியை வேதத்துக்கு மாத்திப்போடுவீரோ?"

அவள் கோபப்படவில்லை. "அந்தக் கிழிஞ்ச குளிர்ச்சட்டையை மாத்துங்கோ எண்டு ரெண்டு வருசமாச் சொல்லுறன். அதையே மாத்திறாரில்லை. சமயத்தையோ மாத்தப்போறார்?" பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "நான் அவரைக் கேக்கேல்லை. அவரும் என்னைக் கேக்கேல்லை."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

எனக்குக் கறுப்புச் சப்பாத்து ஒன்று வாங்கவேண்டியிருந்தது. பெரிய தெருவில் கண்ணாடி பளபளத்த ஒரு கடைக்குள் போனோம். விற்பனைப் பெண் எங்களை மேலும் கீழும் பார்த்து, அங்கிருப்பதெல்லாம் விலை கூடியவை என்று சொல்லிவிட்டு, எங்களுக்குப் பின்னால் வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டாள். இப்படியான இடங்களிலிருந்து பேசாமல் வெளியேறிவிடுவது என் வழக்கம். வாசலை நோக்கித் திரும்பினேன். அவள் என் முழங்கையைப் பிடித்து நாற்காலியில் இருத்தினாள். தானும் பக்கத்தில் இருந்தாள். முப்பத்தேழாம் அளவு, கறுப்பு, நாங்கள் காத்திருக்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்கு இத்தாலிய மொழியில் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. சற்று முன் சந்தையில் மல்லுக்கட்டியவள் இவள்தானா என்று இருந்தது. கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். நான் கூசிக் குறுகிப்போனேன், அவள் அசையவில்லை. கடைசியில் பெட்டி வந்தது. சப்பாத்து என் பெருவிரலைக் கடித்தது. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தோம்.

"வாங்காட்டிப் பரவாயில்லை அக்கா," என்றாள் தெருவில். "போட்டுப் பாத்திட்டம்."

தம்பியும் என்னைப் போலத்தான். யாராவது முகத்தைச் சுழித்தால் தனக்கு உரியதையும் விட்டுவிட்டு வந்துவிடுவான். அவனைக் கையைப் பிடித்து இருத்த ஒருத்தி கிடைத்திருக்கிறாள் என்று நடக்கும்போது நினைத்தேன். அதற்குப் பிறகு அவளுடைய வயதும் சமயமும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கபோ என்ற இன்னொரு சந்தையின் ஒழுங்கைக்குள் ஒரு துணிக்கடை இருந்தது. உள்ளே போவோம் என்று சொன்னது நான்தான். கலியாணத்துக்குத் தலையில் போடும் வெள்ளை லேஸ் துணியைக் காட்டச் சொன்னேன். கழுத்தில் அளவு நாடாவோடு நின்ற கடைக்காரர் துணியை விரித்தபடி அவளிடம் ஏதோ கேட்டார். அன்று முழுதும் எதற்கும் தடுமாறாதவள் அந்தக் கேள்விக்குத் தடுமாறினாள்.

"என்ன கேக்கிறார்?"

"நீங்கள் எனக்கு ஆர் எண்டு கேக்கிறார்."

"மச்சாளுக்கு இத்தாலி மொழியிலை என்ன சொல்லுறது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "கொன்யாத்தா."

நான் கடைக்காரரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னேன். பிழையாகத்தான் சொல்லியிருப்பேன், அவர் சிரித்தார். மச்சாள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து துணியின் மடிப்பை நீவிக்கொண்டே நின்றாள்.

அப்பாவுக்கு எழுதினேன். போர்க்காலத்துத் தபால், பதில் வர மூன்று மாதம் ஆனது. சமயத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. "பிள்ளையின்ரை தாய் தகப்பனுக்கு நான்தானே முறையா எழுதவேணும்? விலாசம் அனுப்பு," என்று மட்டும் இருந்தது. கலியாணத்தன்று காலையில் தேவாலயத்தில் மோதிரம் மாற்றினார்கள். பின்னேரம் சீசா வீட்டில் தம்பி தாலி கட்டினான்.

போன மாதம் மச்சாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவர்களுடைய மகள் பலேர்மோவின் இத்தாலியப் பொடியன் ஒருவனைக் கட்டப்போகிறாளாம். "உங்கடை தம்பி மூஞ்சையைத் தூக்கிவைச்சுக்கொண்டு இருக்கிறார் மச்சாள். நீங்கள் வந்து பொடியனைப் பாத்து ஒரு சொல் சொல்லுங்கோவன்."

"நான் சொல்ல என்ன கிடக்கு?" என்றேன். "பிள்ளையிட்டைக் கேட்டுச் சொல்லும், கலியாணச் சீலை நான் என்ன நிறத்திலை எடுக்கிறதெண்டு."