சனிக்கிழமைச் சண்டை

எங்கள் கடைக்கு முதல் விளம்பரம் என் வாய்தான். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு மலேசியப் பக்கம், கெலாங் பாத்தாவில் மீன் தலைக் கறி விற்கிற கடைகள் எத்தனையோ உண்டு. சாப்பிட வந்தவரை ஏசி அனுப்புகிற கடை எங்களுடையது மட்டும்தான்.

நான் சின்ன வயதிலிருந்தே கோபக்காரி. ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து வந்த ஓர் ஆள் தலையை முழுசாகத் தின்று முடித்துவிட்டு, கறியில் உப்பு அதிகம் என்று முகம் சுளித்தார். "உப்புன்னா மொத வாயிலயே துப்பியிருக்கணும். முள்ளு மட்டும் மிஞ்சின பெறகுதான் உனக்கு நாக்கு மொளச்சுச்சா?" என்று ஆரம்பித்தேன். மேசையை அடித்த அடியில் அவருடைய தே தாரேக் டீ அவர் மடியிலேயே கவிழ்ந்தது. கல்லாப் பக்கம் நின்ற என் கொழுந்தன் அதைக் கைப்பேசியில் எடுத்து டிக்டாக்கில் போட்டுவிட்டான். அடுத்த வாரம் முன்பின் தெரியாதவர்கள் வாசலில் நின்று, "ஏசுற அக்கா யாரு?" என்று கேட்டார்கள். ஏச்சு வாங்கவே பாலம் தாண்டி வந்திருந்தார்கள்.

கொழுந்தன் என் கணவரின் ஒரே தம்பி. இருவரும் ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள். பெற்றோர் போன பிறகு தம்பியைப் படிக்க வைத்தது அண்ணன்தான். தம்பி மேல் கை வைத்த ஒருவனுடைய பல்லை என் கணவர் பெயர்த்தெடுத்த கதை எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. கொழுந்தனும் எடுத்ததே இல்லை.

அவன் எங்கள் கடைக்கு வருமுன் ஜொகூர் பாருவில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை பார்த்தவன். வியாபாரம் என்றால் இனி இதுதான் என்று எனக்குப் பாடமே எடுத்தான். "அண்ணி, கறிய அழகா காட்டுனா விளம்பரம்னு தள்ளிட்டுப் போயிருவாங்க. கடைக்குள்ள என்னா நடக்குதுன்னு காட்டணும். மொத மூணு செகண்டுல ஒரு சத்தம் கேக்கணும். லைவ்ல வந்தா கமெண்ட்ட வாசிச்சு ஒடனே பதில் சொல்லணும், அப்பத்தான் போக மாட்டாங்க." அவன் சொன்னதெல்லாம் பலித்தது, அதை நான் மறுக்க மாட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்கே சட்டி காலியாகிற நாள்கள் வந்தன.

ஆனால் ஏச்சு சீக்கிரம் பழசாகிவிட்டது. கூலாயில் ஒரு ரொஜாக் கடைக்காரரும் ஏச ஆரம்பித்தார். பார்க்கிறவர்களுக்கு இன்னும் காரமாக ஏதாவது வேண்டியிருந்தது. கொழுந்தன் சனிக்கிழமைச் சண்டையைக் கண்டுபிடித்தான். அவன் லைவில் அண்ணனின் சமையலைக் கிண்டல் செய்வான். "டேய்!" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். பிறகு என் கணவர் கரண்டியோடு பாய்வார். தட்டு உடையும், நாற்காலி பறக்கும். கொழுந்தன் சட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் பையில் சிராப் கட்டி வைத்திருப்பான். பண்டோங் பால் கலக்குகிற அதே ரோஸ் சிராப்தான். அடி விழுந்ததும் பையைக் கிள்ளிவிட்டு, சிவப்பாக வழிய வழியத் தரையில் உருளுவான். சனம் கைதட்டிச் சிரிக்கும்.

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வாரம் போகப் போக அவருடைய அடியில் கனம் ஏறியது. ஒருமுறை கொழுந்தனின் தோளில் கரண்டியின் அச்சு ஊதா நிறத்தில் கிடந்தது. "அண்ணன் நல்லா நடிக்கிறாரு, அண்ணி" என்று அவன் தைலம் தேய்த்துக்கொண்டான். அன்றிலிருந்து சண்டைக்கு முன்பு நிஜக் கத்திகளை எல்லாம் இழுப்பறையில் போட்டுப் பூட்டுவதை என் வேலையாக வைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை மீன் லாரி தாமதமாக வந்தது. சனம் உட்கார்ந்தாயிற்று, தலைகள் இன்னும் வெட்டி முடியவில்லை. கத்தி என் கணவர் கையில்தான் இருந்தது. "கொஞ்சம் பொறுடா" என்றேன். "ஆளுங்க உள்ள வந்துட்டாங்க அண்ணி, இப்ப விட்டா ஓடிருவாங்க" என்று அவன் லைவைத் தொடங்கிவிட்டான்.

வழக்கம்போல் கமெண்ட்டுகளை வாசித்தான். அதில் ஒன்று என்னைப் பற்றியது. "'அக்காவுக்கு ஏன் இவ்ளோ கோவம், வீட்டுல எதும் பிரச்சனையா?'ன்னு ஒருத்தர் கேக்குறாரு." உடனே பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அவனுடைய தொழில் சட்டமாயிற்றே. கேமராவைப் பார்த்துச் சிரித்தான். "எங்க அண்ணனுக்குச் சமைக்க மட்டும்தான் தெரியும்லா. அதான் வீட்டுல தொட்டில் கட்ட வேல இல்ல."

கடையே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுப்படியிலிருந்து "டேய்" வரவில்லை. என் கணவர் சத்தமே இல்லாமல் வந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. கொழுந்தனுக்கு விளங்கவில்லை. ஒத்திகையில் செய்கிற மாதிரி வலது கையைத் தூக்கிக் காட்டினான். மீன் தலையைப் பிளக்கிற கத்தி அவன் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இறங்கியது. அவர் மறுபடியும் ஓங்கினார். நான் பாய்ந்து அவருடைய கையைப் பிடித்து, பல் இறங்கும்வரை கடித்தேன். கத்தி விழுந்தது.

கொழுந்தன் விழுந்த வேகத்தில் சட்டைக்குள் இருந்த பையும் உடைந்தது. ரோஸ் வாசனை குப்பென்று வந்தது. தரையெல்லாம் சிவப்பு. எது சிராப், எது ரத்தம் என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். ஐஸ் பெட்டியில் வைத்திருந்த சிராப் சில்லென்று இருந்தது. மற்றது சூடாக இருந்தது. துண்டால் அவன் கையை இறுக்கிக் கட்டினேன். கட்டக் கட்ட நனைந்தது.

"ஐயோ, நிஜ ரத்தம்யா! யாராச்சும் வாங்க!" என்று கத்தினேன்.

கைதட்டல் விழுந்தது. போன வாரம் கொழுந்தன் எனக்குச் சொல்லிக்கொடுத்த வசனமும் இதேதான். "அலமாக், இன்னிக்கு சிராப் ரொம்ப அதிகம்" என்று ஒரு பெண் தன் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் கேமரா ஸ்டாண்டின் காலை எட்டி உதைத்தேன். விசில் பறந்தது. "பாவிங்களா, ஒரு உயிரு போகுது, பல்ல இளிக்கிறீங்களே, நீங்கல்லாம் மனுசங்களா?" என்று கதறினேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அதற்குத்தானே அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்! என் கணவர் சுவரோரம் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் நன்றாக நடிக்கிறார் என்று ஒருவர் அவரைப் படம் எடுத்தார்.

கொழுந்தனின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு அத்தனை பேரையும் வெட்டிப் போட வேண்டும் போலிருந்தது. எவ்வளவு கத்தினாலும் அது அவர்களுக்கு வேடிக்கைதான் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்து பக்கத்து மேசைக்குப் போனேன். சற்று முன்புதான் ஏசியிருந்தேன் அந்த மனிதரை, தண்ணீரை இரண்டாம் தடவை கேட்டதற்காக. சிவப்பான கைகள் இரண்டையும் அவர் முன்னால் கூப்பினேன்.

"அண்ணே, ஒங்கள ஏசுனதுக்கு மன்னிச்சிருங்க. தயவு செஞ்சு கார் சாவிய எடுங்கண்ணே. எம்புள்ள சாகப் போறான்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டது. அந்தக் கடையில் நான் யாரையும் அப்படிக் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. அவர் கையிலிருந்த கரண்டி விழுந்தது. பக்கத்து மேசையில் சிரிப்பு நின்றது, பிறகு அடுத்த மேசையில். ஒரு பெண் வீறிட்டு அழுதாள். அந்த மனிதரும் இன்னும் இருவரும் கொழுந்தனைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் உயிர் தங்கியது. யாரோ தகவல் சொல்லி போலீஸ் வந்துவிட்டது. என் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தான் வெட்டியதைச் சொல்லிவிட்டுச் சிறைக்குப் போகத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார், கேட்டால் மறுக்கிற ஆளில்லை அவர். ஆனால் போலீஸ்காரர் முதலில் போனது கொழுந்தனிடம். பேச வராத வாயோடு அவன் மலாயில் சொன்னான்: எல்லாம் நடிப்பு, அண்ணன் கத்தியை மாற்றி எடுத்துவிட்டார், பழைய சண்டையெல்லாம் கைப்பேசியில் இருக்கிறது, பாருங்கள் என்று. போலீஸ்காரர் பார்த்தார். கரண்டி, நாற்காலி, சிராப், நான் கத்துகிற கத்தல் எல்லாம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பெர்லாக்கோன், அத்தாவ் பெதுல்?" நடிப்பா, நிஜமா என்று கேட்டார்.

நகக்கண்ணில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. கையில் இன்னும் ரோஸ் வாசனை அடித்தது. கொழுந்தன் என்னைப் பார்க்காமல் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெர்லாக்கோன், துவான்" என்றேன். நிஜம் நிஜம் என்று தொண்டை கிழியக் கத்தியபோது ஒருவரும் நம்பவில்லை. இதை அவர் உடனே நம்பி எழுதிக்கொண்டார்.

கொழுந்தனின் வலது கை விரல்கள் இப்போது மடங்குவதில்லை. கடை நடக்கிறது, கேமரா இல்லை. சனிக்கிழமைகளில் இன்னும் யாராவது வந்து, எப்போது சண்டை என்று கேட்கிறார்கள். நான் அவர்களை ஏசுவதில்லை, தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறேன். சனம் கலைந்த பிறகு என் கணவர் சோற்றைப் பிசைந்து, மீனில் முள் பார்த்து எடுத்து, தம்பிக்கு ஊட்டிவிடுகிறார். அவன் வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறான். அன்றிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.