பஞ்சர்காரர் ஒட்டிய திரி

உப்புத்தாளைச் சின்னதாக மடித்து, இரண்டு விரல்களால் டம்ளருக்குள் கொண்டுபோய், அடிக் கண்ணாடியை வட்டவட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தன அந்தக் கைகள். தடித்த கைகள். முழுக்கையும் டம்ளர் வாய்க்குள் நுழையாது. விரல்கள் மட்டும் இருட்டில் சாவியைத் தேடுவதுபோலத் தடவித் தடவி வேலை செய்தன. பளபளப்பு போய் அடி வெளுத்ததும் டம்ளரைக் கவிழ்த்து ஒரு தட்டு, வாயால் ஒரு ஊதல். பிறகு தீக்குச்சி முனையில் சிவப்புப் பசையை எடுத்து நடுவில் ஒரு பொட்டு. மெழுகுவத்தித் திரியின் ஒரு முனையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தகர வில்லை இருக்கும். ரீஃபில் இல்லாத பேனாக் குழாய்க்குள் திரியை நுழைத்து, வில்லையைப் பசையின் மேல் வைத்து, அந்தக் குழாயாலேயே அழுத்திப் பிடித்தால் திரி நட்டுக்குத்தாக நிற்கும். முடிந்த டம்ளரை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பார்.

தெருவில் எல்லோருக்கும் அவர் பஞ்சர்காரர்தான். பஸ் நிறுத்தத்தை ஒட்டி டயர் கடை வைத்திருந்தவர். குத்துக்காலிட்டு உட்கார்ந்தே இடுப்பு எலும்பு நகர்ந்துவிட்டது, இனி தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் கடையைக் கைமாற்றிவிட்டார். அதற்காக அவர் பெரிதாக வருந்தவில்லை. டயர் நாற்றம் போகாத சட்டைகளை மனைவி ஒரே நாளில் கரித்துணியாக்கிவிட்டாள். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா இருப்பதுதான் அவருக்கு வரவில்லை. ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டி ஒழுக வைத்தார். நன்றாக ஓடிய மின்விசிறியை எண்ணெய் போடுகிறேன் என்று இறக்கி, ஒரு வாரம் எல்லோரையும் வியர்க்க வைத்தார்.

அவருடைய மனைவி அதற்கு முன்பே பின்னறையில் டம்ளர் மெழுகுவத்தி செய்து விற்றுக்கொண்டிருந்தாள். மெழுகை உருக்குவதிலும் வாசனை எண்ணெயை அளந்து கலப்பதிலும் அவள் கை சுத்தம். ஒரே ஒரு தொல்லைதான். சூடான மெழுகை ஊற்றியதும் திரியை ஒட்டிய பசை இளகிவிடும். வில்லை மேலே மிதந்து வந்து, திரி ஓரமாகச் சாய்ந்துகொள்ளும். சாய்ந்த திரியைக் கொளுத்தினால் ஒரு பக்கம் புகை பிடித்துக் கறுத்துப்போகும். ஒருநாள் அவள் கரண்டியும் கையுமாகத் திரிகளைத் திட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், “இங்க குடு” என்று கையை நீட்டினார்.

முதலில் டயர் டியூபுக்குத் தடவும் சொல்யூஷனைக் கொண்டே ஒட்டிப் பார்த்தார். கொளுத்தியதும் வீடே நாறியது. “வாசனைக்குத்தாங்க மெழுகுவத்தி வாங்குறாங்க. நீங்க லாரியக் கொளுத்திக் குடுக்குறீங்க” என்றாள் மனைவி. பிறகு மெக்கானிக் கடையில் இஞ்சின் மூடிக்குப் போடும் சிவப்புப் பசையை வாங்கி வந்தார். அது எவ்வளவு சூட்டையும் தாங்கியது. அதற்குப் பிறகு ஒரு திரிகூட மிதக்கவில்லை. திரியின் நுனியைப் பிடித்துக் காலி டம்ளரை அந்தரத்தில் தூக்கிக் காட்டுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

“மாமா, அப்படியே குழந்தைங்களுக்கு ஊஞ்சலும் கட்டிக் குடுங்க” என்றான் மனைவியின் தம்பி. மெழுகுவத்திகளை ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பவன் அவன்தான்.

அந்த மைத்துனன்தான் ஒருநாள் காலையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து, உள்ளே இருந்ததை மேஜைமேல் எடுத்து வைத்தான். ஒரு டம்ளர், அடி இல்லை. பக்கத்தில் அதன் அடி, தோசைக்கரண்டியால் வழித்தெடுத்ததுபோல வட்டமாக. அதன் நடுவில் கரிந்த திரியின் மிச்சம் அசையாமல் நின்றது.

“உங்க திரி நல்லாத்தான் ஒட்டியிருக்கு மாமா. டம்ளர்தான் ஒட்டல.”

வெடித்தது ஒரு பல் டாக்டர் கிளினிக்கில். மருந்து வாடை தெரியாமலிருக்க அங்கே வரவேற்பு மேஜையில் எப்போதும் ஒன்று எரியும். யாருக்கும் காயமில்லை. மெழுகு மேஜையில் வழிந்து, மரப்பலகை கொஞ்சம் கருகியிருந்தது. வரவேற்பில் உட்காரும் அம்மா, “இன்னொரு தடவை அனுப்பச் சொல்லு. அதுவும் இப்படி ஆனா இந்தப் பக்கம் வராதீங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

“கண்ணாடி மட்டம். அதுக்குத் திரி என்ன பண்ணும்?” என்றார் பஞ்சர்காரர்.

“இதே கண்ணாடியிலதான் நான் ரெண்டு வருஷமா ஊத்துறேன். நீங்க ஒட்ட வர்றதுக்கு முன்னாடி ஒண்ணுகூட வெடிக்கல” என்றாள் மனைவி. குரலை உயர்த்தவில்லை. “விடுங்க. இனிமே ஸ்டிக்கர் வாங்கிடறேன். திரிக்குன்னே ரெண்டு பக்கமும் ஒட்டற மாதிரி விக்கிறாங்க. உரிச்சோமா ஒட்டினோமான்னு நானே பண்ணிக்குவேன். உங்களுக்கும் சிரமம் இல்ல.”

சிரமம் இல்லை என்பதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. ஜன்னலோர நாற்காலியும் மேஜையும் அவருக்காகவே போட்டவை. திரி போனால் அந்த வீட்டில் அவர் கைக்கு வேலை கிடையாது. மறுபடியும் ஒழுகாத குழாய்களைத் தேடிப் போக வேண்டியதுதான்.

“அவசரப்படாத. உன் ஸ்டிக்கர்ல ஒண்ணு, என் பசையில ஒண்ணு. ரெண்டையும் கடைசிச் சொட்டு வரைக்கும் எரியவிட்டுப் பாப்போம். அப்புறம் பேசிக்கலாம்” என்றார்.

ஸ்டிக்கர் வந்ததும் பின்வாசல் சிமெண்டுத் தரையில் இரண்டு அலுமினியத் தட்டுகளை வைத்து, ஆளுக்கொன்றாகக் கொளுத்தினார்கள். பகலில் எரிய விடுவதும் சமையலுக்கு எழுந்து போகும்போது அணைப்பதுமாக நாட்கள் போயின. அடி நெருங்க நெருங்க மைத்துனனும் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டான்.

முதலில் தோற்றது ஸ்டிக்கர். மெழுகு முழுக்க உருகியதும் அது வழுக்கி, திரி சுவரில் சாய்ந்தது. டம்ளர் ஒரு பக்கம் கன்னங்கரேலென்று ஆனது.

“அக்கா, உன் திரி தூங்கி விழுது.”

அவள் அதை ஊதி அணைத்தாள். பஞ்சர்காரரின் திரி நடுவில் நேராக நின்று எரிந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்திருந்தார். முகத்தில் மட்டும் லேசாக ஒரு களை தட்டியது. அந்தக் களை வந்து நிலைப்பதற்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். டம்ளரின் உடம்பு ஒரு பக்கம் சரிய, மெழுகு தட்டில் பரவியது.

“மேட்ச் டிரா” என்றான் மைத்துனன்.

சூடு ஆறியதும் மனைவி உடைந்த அடியைத் துணியில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பினாள். வெளுத்த வட்டத்தின் விளிம்போடு கத்தரித்ததுபோல விரிசல் ஓடியிருந்தது. நகத்தால் அந்த வட்டத்தைச் சுரண்டினாள்.

“இங்க என்ன சொரசொரன்னு இருக்கு?”

“தேய்ச்சிருக்கேன்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? தேய்க்காம எப்படி ஒட்டும்?”

“ஏங்க, கண்ணாடி என்ன டியூபா? ஒட்டி முடிச்சுக் காத்தடிச்சுப் பாக்கப் போறீங்களா?”

டியூபைத் தேய்க்காமல் ஒட்டு போட்டால் நிற்காது. அது அவர் புத்திக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரிந்த பாடம். கண்ணாடியைத் தேய்க்கும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் அதைத் தனியாக யோசித்துச் செய்யவில்லை. கையில் பசையும் ஒட்டவேண்டிய பொருளும் இருந்தபோது உப்புத்தாள் தானாக வந்துவிட்டது. கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கோடு கீறித் தட்டினால் கண்ணாடி அந்தக் கோட்டோடு பிளப்பதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். இங்கே அவரே டம்ளருக்குள் வட்டமாகக் கீறி, அதன்மேல் தீயையும் வைத்துக் கொடுத்திருக்கிறார்.

“கிளினிக்குக்குப் போறத மட்டும் நீங்க ஒட்டுங்க. தேய்க்காம ஒட்டுங்க. அவங்க வாங்கிக்கிட்டா சரி. திருப்பி அனுப்பினா ஸ்டிக்கர்தான், அப்புறம் அதப் பத்திப் பேச்சே கிடையாது” என்றாள் மனைவி. “ஸ்டிக்கரும் சாயுதே அக்கா” என்று மைத்துனன் ஆரம்பித்தான். “வேற ஸ்டிக்கர் பாத்துக்கிறேன். நீ வண்டிய எடு” என்றாள்.

முதலில் அவர் ஏற்கெனவே தேய்த்துவைத்த டம்ளர்களை எல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தனியே ஒதுக்கினார். அவை இனி பேனா போட்டு வைக்கத்தான் ஆகும். பிறகு புதுசு ஒன்றை எடுத்துப் பசை வைத்து ஒட்டினார். காய்ந்தபின் இழுத்தார். திரி வில்லையோடு கையில் வந்துவிட்டது.

அன்று முழுக்க அவர் அதோடுதான் உட்கார்ந்திருந்தார். வில்லையின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பசை அதில் கெட்டியாகத்தான் பிடித்திருந்தது, கண்ணாடியைத்தான் விட்டிருந்தது. கழுவிய டம்ளரைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்து, உள்ளே விரல் விட்டு ஈரம் இருக்கிறதா என்று தொட்டும் பார்த்திருந்தார். துண்டில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கும் விரல் ரேகையும் கண்ணாடியில் ஏறிவிட்டிருந்தன. இதுநாள்வரை உப்புத்தாள் அந்த அழுக்கைச் சேர்த்தே தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தது. அது செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கி, குச்சியில் வெள்ளைத் துணி சுற்றி, அடியைத் துடைத்தார். அதற்குப் பிறகு உள்ளே விரல் விடவில்லை. அப்படியும் பல நேரம் கட்டைவிரல் டம்ளரின் வெளிப்பக்கத்தில் தானாக வட்டம் போட்டது. உப்புத்தாளை எடுத்துப் போய்விடும்படி மைத்துனனிடம் கொடுத்துவிட்டார். முன்பு பசை மதியச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிடும் என்று டம்ளரை எடுத்துவிடுவார். இப்போது மறுநாள்வரை தொடவில்லை. மனைவியும் தன் பங்குக்குக் கடையில் தேடி, திரியைப் பிடிக்கும் குழாய்க் கழுத்து உயரமாக இருந்த வில்லைகளை வாங்கி வந்தாள். திரி எரிந்து அந்தக் கழுத்துவரை இறங்கியதும் தீ தானாக அணைந்துவிடும், அடிக் கண்ணாடியைச் சுடாது என்றாள். அது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. “நல்ல யோசனைதான்” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி வருவது அபூர்வம் என்பதால் அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்றைக் கடைசிவரை எரியவிட்டார்கள். அடியில் விரல் தடிமனுக்கு மெழுகு இருக்கும்போதே தீ சிறுத்து, நீலமாகி, அணைந்தது. டம்ளர் முழுசாக இருந்தது. மனைவி ஆறிய டம்ளரைக் கையிலெடுத்து அடியை விரல் முட்டியால் தட்டினாள். “ம்” என்றாள். போய் மெழுகை அடுப்பில் வைத்தாள்.

பெட்டி தயாரானதும் மைத்துனன் பின்வாங்கிவிட்டான். “நான் போகல மாமா. போன தடவை அந்தம்மா பாத்த பார்வையில எனக்கே பல்லு வலிச்சுது.”

ஆகவே பஞ்சர்காரரே போனார். கிளினிக்கில் கூட்டம் இல்லை. ஒருவர் மட்டும் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கருகிய இடத்தின்மேல் ஒரு பூஜாடியை வைத்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னாலிருந்த அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“நீங்கதான் செய்றவரா?”

“ஊத்துறது வீட்ல. திரி ஒட்டுறது நான்.”

“அன்னிக்கு எங்களுக்கு உயிரே போயிடுச்சு.”

“தப்பு என்கிட்டதாம்மா. அடியத் தேய்ச்சிட்டேன். இதுல தேய்க்கல.”

அந்த அம்மாவுக்கு அது என்னவென்று புரிந்ததாகத் தெரியவில்லை. ஒரு டம்ளரை எடுத்து அண்ணாந்து அடியைப் பார்த்தார். “இதுல என்ன சிவப்பா?”

“பசை. சூடு தாங்கும்.”

“இனிமே வெடிக்காதுல்ல?”

வெடிக்காது என்று சொல்ல வாய்வரை வந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

“ஒண்ணக் கடைசி வரைக்கும் எரிச்சுப் பாத்தேன், வெடிக்கல. இருந்தாலும் அடியில ஒரு தட்டு வச்சுக்குங்க. அதுவா அணைஞ்சப்புறம் கொஞ்சம் மெழுகு மிச்சம் நிக்கும். வீணாப்போகுதேன்னு மறுபடியும் கொளுத்தாதீங்க.”

அந்த அம்மா டம்ளரைப் பெட்டிக்குள் அதன் இடத்தில் திரும்ப வைத்தார். உட்கார்ந்திருந்தவரின் பெயரைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார். பிறகு மேஜையில் கிடந்த காகிதங்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, “சரி, இப்படிக் குடுங்க” என்று இரண்டு கைகளையும் நீட்டினார். பஞ்சர்காரர் பெட்டியை அடியில் தாங்கிப் பிடித்து, அந்தக் கைகளில் வைத்தார்.