மியூசியம் கேட்டில் மாட்டிய என் படம்

எங்கள் காலடிப்பேட்டையில் ஒரு மியூசியம் இருக்கிறது. முன்பு அது ஒரு கிடங்கு. இப்போது உள்ளே பழைய வலைகள், மூட்டை தூக்குகிற கொக்கிகள், ஊதாத ஒரு மில் சங்கு, யாருடையது என்றே தெரியாத ஒரு தையல் மிஷின் எல்லாம் இருக்கின்றன. வீட்டில் வைக்க இடமில்லாததையெல்லாம் தெருக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுத்து உண்டான மியூசியம். மே மாதத்தில் அங்கே பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடக்கும். கடைசி நாள் கண்காட்சி. அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் தேர்ந்தெடுக்கிற ஒரே ஒரு படம் அடுத்த கோடை வரைக்கும் உள்சுவரில் தொங்கும். அந்தச் சுவரில் தன் படம் ஏற வேண்டும். நாலாம் வகுப்பு முடித்த என் மகளுக்கு லீவு முழுக்க இதே பேச்சுதான்.

ஒருநாள் ஓவிய மிஸ், மனித உருவம் வரைய ஆள் வேண்டும், அசையாமல் உட்கார வேண்டும் என்று வகுப்பில் கேட்டிருக்கிறார். "எங்க அப்பா உக்காருவாரு மிஸ். வூட்ல அதான் பண்ணுவாரு" என்று என் மகள் கை தூக்கிவிட்டாள்.

எனக்குக் கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட். உட்கார வேண்டிய அன்றைக்கு ஷிப்ட் முடிந்து நேராகப் போய் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். வலி பொறுக்காமல் ஒரு வெள்ளைத் துண்டைத் தாடையிலிருந்து உச்சந்தலை வரை இறுக்கிக் கட்டிக்கொண்டு மியூசியத்துக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு நேராக ஃபேன். அசையாமல் இருப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்த வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது பிள்ளைகள் எல்லாம் போயிருந்தார்கள். பெருக்குகிற அம்மா என் காலைத் தூக்கச் சொல்லித் துடைப்பத்தால் தட்டிக்கொண்டிருந்தார். "இவ்ளோ நல்ல மாடல் எனக்குக் காலேஜ்லகூட கிடைச்சதில்ல சார்" என்றார் மிஸ். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை.

மற்ற பிள்ளைகள் நோட்டு அளவில் வரைந்தார்கள். என் மகள் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து அதில் ஆள் உயரத்துக்கு வரைந்தாள். மூடிய கண், தாடையில் கட்டு, நாற்காலி எல்லாம் அச்சு அசல். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் தெருவில் பிறந்தநாளோ கல்யாணமோ, பெரிய படம் என்றால் மாலை இல்லாமல் அவள் பார்த்ததே இல்லை. அதனால் மஞ்சளும் சிவப்புமாக ஒரு மாலையும் வரைந்தாள். கீழே கொட்டை எழுத்தில் "எங்கள் அன்பு அப்பா" என்று எழுதினாள்.

எங்கள் பக்கம் சாவு விழுந்தால் பல வீடுகளில் ஆளைப் படுக்க வைப்பதில்லை. தாடையைக் கட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்காரவைப்பார்கள். அடையாறிலிருந்து வந்துபோகிற மிஸ்ஸுக்கு இது எப்படித் தெரியும்? கண்காட்சியன்று காலையில், இருப்பதிலேயே பெரிய படம் என்று அதை ரோட்டைப் பார்த்தமாதிரி கேட்டில் மாட்டிவிட்டார்.

நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தால் யார்டில் என்னோடு வேலை செய்கிற தோஸ்து நிற்கிறான். கையில் சம்பங்கி மாலை.

"இன்னா மாமு, கீறியா?"

"கீறேன். நீ இன்னா மாலையோட வந்துகீற?"

"மியூசியம் கேட்டாண்ட பாத்தேன். நேரா பூக்கடைக்குப் பூட்டேன். ஷிப்டு வேற மாத்திக் குட்துட்டேன்பா." நான் உயிரோடு இருப்பதில் அவனுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் குரல் கொஞ்சம் இறங்கியது. "இப்ப இத இன்னா பண்றது?"

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். கேட்டின் முன்னால் கூட்டம். சாவுப் பந்தலை எந்தப் பக்கம் போட்டால் பஸ் போகும் என்று இரண்டு பேர் ரோட்டை அளந்துகொண்டிருந்தார்கள். என் மனைவி எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள்.

"அவுத்து எறி அத! உசுரோட கீற மனுசனுக்கு மாலையப் போட்டு ரோட்ல மாட்டிவச்சிகீது!"

மகள் அட்டையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "எடுக்காதம்மா! சீஃப் கெஸ்ட் பாக்கலன்னா சொவத்துல ஏறாதும்மா!"

மிஸ் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நான்தான் ஒரு வழி சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் படத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். படத்தைப் பார்க்கிறவர்கள் என்னையும் பார்த்துவிட்டால் விஷயம் முடிந்தது.

"நில்லு. ஆனா கண்ண மூடின, அவ்ளோதான்" என்றாள் மனைவி.

நின்றேன். மீன் விற்கிற அம்மா ஒருவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "படத்துல மூஞ்சி களையா கீது நைனா. நேர்லதான் பேஜாரா கீற." இன்னொருவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அண்ணனா உனுக்கு?"

"இல்லீங்க, நான்தான் அது."

"தெரிதுபா. அப்டியே உரிச்சி வச்சமாறி கீற. மனச வுட்ராத" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் சிறப்பு விருந்தினர் வந்தார். அவரைப் பார்க்க முண்டிய கூட்டம் என்னைப் பின்னால் தள்ளிவிட்டது. துறைமுகத்தில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரை விட்டு இறங்கியதும் படத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கைகூப்பித் தலை குனிந்தார். ஒருவர் குனிந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் குனிவார்கள். கூட்டம் மொத்தமும் அமைதியானது. ரோட்டில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் பாட்டை நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவர் செருப்பைக் கழற்றவும் நானும் கழற்றினேன். இதுதான் சமயம் என்று தோஸ்து முன்னால் போய் மாலையை நீட்ட, விருந்தினர் அதை வாங்கி, வரைந்த மாலைக்கு மேல் அதையும் போட்டார்.

"யாரும்மா வரைஞ்சது?"

மகள் கை தூக்கினாள்.

"இந்தப் படம்தான் சுவர்ல இருக்கணும்." அவர் அவள் தலையைத் தடவினார். "உங்க அப்பா பாத்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாரு!"

மகள் என்னைத் தேடினாள். கேட்டுக்கு உள்ளே யாரோ வரைந்த அழகான லைட் ஹவுஸ் படம் ஒன்று தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. விருந்தினரைக் கூட்டத்தின் முன்னால் அசடாக்கினால் சுவர் லைட் ஹவுஸுக்குத்தான் போகும். மனைவி வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன். தோஸ்தின் முதுகுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, வேண்டாம் என்று மகளுக்குத் தலையாட்டினேன்.

"ரொம்ப சந்தோசமாத்தான் கீறாரு சார்" என்றாள் அவள்.

விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே வானத்தைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. நானும் பார்த்தேன்.