ஒன்பதில் இரண்டைக் கழித்துவிடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை குடவாசலில் புளியங்கொட்டை வைத்துச் சீட்டாடித் தோற்றேன். சிரிக்காதீர்கள்... ஆடியது போக்கர்! துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் ஜாபர் பாய் கற்றுக்கொடுத்தது.

என் கையில் இரண்டு ஆட்டின், நடுவில் கிடந்த பொதுச் சீட்டு நாலில் இரண்டு ஆட்டின். கடைசிச் சீட்டும் ஆட்டினாக விழுந்தால் ஐந்தும் ஒரே இனம், அதற்குப் பெயர் ஃப்ளஷ். பதின்மூன்றில் நாலு போனால்? ஒன்பது வாய்ப்பு! இருந்த கொட்டையையெல்லாம் தள்ளினேன்.

விழுந்தது ஆட்டின் ஜாக். குதித்தேன். ஜாபர் பாய் நிதானமாக, கையில் இரண்டு, நடுவில் ஒன்று என்று மூன்று ராஜாவைக் காட்டினார். நடுவில் ஏற்கெனவே ஒரு ஜாக் இருந்தது. மூன்று ராஜாவும் ஜோடி ஜாக்கும் சேர்ந்தால் ஃப்ளஷைவிடப் பெரிய கையாம்.

"ஒன்பது இல்ல சார், ஏழுதான். ரெண்டு சீட்டு உங்களுக்கு உதவுறதைவிட எனக்கு ஜாஸ்தி உதவும். அதைக் கழிச்சுட்டு எண்ணணும்."

எல்லாரும் சிரித்தார்கள், கோவிந்தராஜைத் தவிர. அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

மனிதர் இருபது வருஷமாக எட்டு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறார். நிலக்காரரோ, "அவன் குத்தகைக்காரன் இல்லை, கூலியாள்" என்கிறார். புதன்கிழமை தாசில்தார் விசாரணை. பெயர் பதிவானால் நிலம் தங்கும். இல்லையென்றால் வரப்பில்கூடக் கால் வைக்க முடியாது. கோவிந்தராஜின் சாட்சிகள் ஒன்பது பேர்.

"பாய், அதுல ரெண்டு பேர் அந்தப் பண்ணையில வேலை பாக்குறவங்க. நான்தான் உழுறேன்னு சொல்வாங்க. ஆனா நிலக்காரர் மொகத்தைப் பாத்ததும் 'கூலிக்கு'ன்னு ஒரு வார்த்தை சேந்துடுமே!"

"கழிச்சுடுங்க."

"ஒருத்தன் என் மச்சான் பாய்! சம்சாரத்தோட தம்பி. அவகிட்ட யாரு பதில் சொல்றது?"

நியாயமான பயம்தானே? உன்னை நம்பவில்லை என்று சொந்த மைத்துனனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

மறுநாள் காலையில் போய்ச் சொல்லிவிட்டார். மச்சான் கோபப்படவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். "மூணு நாளா சோறு எறங்கல அத்தான். அங்க பேசினா வேலை போயிடும், பேசலைன்னா அக்கா போயிடும்..."

பாவம், அவரை யார் குறை சொல்வது? கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்களையெல்லாம் நாம் நம் பக்கத்தில் எண்ணிவிடுகிறோம். அவர்களுக்கும் ஒரு வயிறு இருப்பதை எண்ணுவதே இல்லை.

புதன்கிழமை நானும் தாலுகா ஆபீசுக்குப் போனேன். ஏழு பேர் சாட்சி சொன்னார்கள். பெயரைப் பதிவு செய்ய மத்தியானமே உத்தரவாகிவிட்டது!

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு கூடை. மச்சான் யாரிடமோ கொடுத்தனுப்பிய புளிச்சோறு. ஏழு சாட்சிகளுக்கு, கோவிந்தராஜுக்கு, எனக்கும்கூட — ஒன்பது பொட்டலம்.

அவராவது சரியாக எண்ணியிருந்தார்!