மாமியாரின் ரவிக்கைக் கை

ரவிக்கை தைப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அறுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபோது தையல் மிஷினைச் சீதனமாகக் கொண்டுவந்தேன். எங்கள் கோயில் தெருவில் பாதிப் பெண்கள் என்னிடம்தான் தைத்துக்கொண்டார்கள். ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவேன் என்று வேறு பீற்றிக்கொள்வேன்.

வீட்டில் நானும் மாமியாரும்தான். கணவருக்குப் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை பஸ்ஸில் வந்து, ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவார். மாமியார் தளிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கேழ்வரகுக் களியில் வளர்ந்த உடம்பு. நானோ சேலம் டவுன்காரி. களி கிண்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மனசில்லை. மாதச் சம்பளக்காரர் வீட்டில் களியா என்ற கௌரவம் வேறு. அரிசி கிடைக்காத காலம் அது. ரேஷனில் கோதுமை கொடுத்தார்கள், நான் இரண்டு வேளையும் சப்பாத்தி சுட்டேன்.

அந்த வருஷத் தவக்காலத்தில் மாமியார் ஒருசந்தி பிடித்தார். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஈஸ்டர் வந்து போனது, ஒருசந்தி மட்டும் போகவில்லை. தட்டை வைத்தால், “வேணாம் கண்ணு, ஒரு நேர்ச்சை இருக்குது” என்று காப்பித் தண்ணீரோடு எழுந்துவிடுவார். மகனுக்காக நேர்ந்திருப்பார் என்று நினைத்தேன். நேர்ச்சையைத் துருவிக் கேட்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கேட்காமலிருப்பது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

நடுவில் இரண்டு முறை ரவிக்கையை எடுத்துக்கொண்டு வந்தார். “கை தொளதொளன்னு இருக்குது, கொஞ்சம் புடிச்சுக் குடு.”

பிடித்துக் கொடுத்தேன். உள்ளே மிஞ்சிய துணியை ஒட்டக் கத்தரித்து, ஓரம் உறுத்தாமல் மடித்தும் தைத்தேன். “வயசானா சதை வத்தத்தானே செய்யும் அத்தே” என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

மாதா திருநாளுக்கு முன்னால், கோயில் மருந்தகத்து நர்ஸ் சிஸ்டர் இளைத்துப்போன வயதானவர்களுக்குப் பால்மாவு கொடுக்க ஆள் பொறுக்கினார். கூன் விழுந்தவர்களை நிறுத்தி உயரம் பார்த்துப் பயனில்லை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவு போதும் என்றார். அதற்கு என் டேப்பையும் என்னையும் கூப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமியாரைக் கடைசியாக இழுத்து நிறுத்தியது நான்தான். “எங்க வீட்டுக்குப் பால்மாவு வேணாங்க சிஸ்டர், சும்மா அளந்து பாக்கலாம்” என்றேன். குறையில்லாத வீடு என்று நாலு பேர் பார்க்கட்டுமே என்ற எண்ணம்.

டேப்பைச் சுற்றினேன். அன்று அளந்தவர்களில், கூலிக்குக் களை பறிக்கும் கிழவிகளுக்குக்கூட அவ்வளவு மெல்லிய கை இல்லை. சிஸ்டர் மேற்கையின் பின்புறம் கிள்ளிப் பார்த்தார். வெறும் தோல்தான் வந்தது.

“இவங்க வீட்டுல சமைக்கிறது யாரு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமியார் முந்திக்கொண்டார். “மருமக நல்லாத்தான் போடுறா சிஸ்டர். நாந்தான் நேர்ச்சைன்னு இருக்கறேன்.”

“வாயைத் திறங்கம்மா.”

கடைவாயில் ஒரு பல்கூட இல்லை. களி என்றால் உருட்டி விழுங்கலாம். சப்பாத்தியை எதைக் கொண்டு மெல்வார்? களி கிண்டச் சொன்னால் மருமகள் சமையலைக் குறை சொன்னதாகிவிடும் என்று, சாமி பேரைச் சொல்லிப் பட்டினி கிடந்திருக்கிறார். அந்தப் பொய்க்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்திருப்பார், அவர் அப்படித்தான்.

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “இன்னும் இளைச்சா ஒரு சளிக்காய்ச்சலைக்கூடத் தாங்கமாட்டாங்க” என்று சொல்லிப் பால்மாவுப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். வேண்டாம் என்ற அதே வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்தேன்.

அன்றே பக்கத்து வீட்டுக்காரியிடம் களி கிண்டக் கற்றுக்கொண்டேன். முதல் களி கட்டி தட்டிப் போயிருந்தது. அதையும் கீரைக் குழம்பில் தோய்த்துத் தோய்த்து, தலை நிமிராமல் விழுங்கினார். அவர் பசியை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எதிரில் உட்கார வெட்கமாக இருந்தது, அடுப்படிக்குள் போய் அழுதேன்.

கிறிஸ்துமஸ் வாக்கில் கையில் சதை பிடித்தது. ரவிக்கை இறுக்குகிறது என்று பெருமையாகக் கொண்டுவந்தார். “கையைப் பிரிச்சு உடு கண்ணு.”

பிரித்தேன். பிரித்துவிட உள்ளே துணி இல்லை. சிறுபிள்ளைகளுக்குத் தைக்கும்போது வளருவார்கள் என்று தாராளமாக உள்ளே விடுவேன். இவருக்கு ஒரு நூல்கூட விட்டு வைக்கவில்லை.

மாமியார் ரவிக்கைக் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏன் கண்ணு, நான் இனிமே தேறமாட்டேன்னு முடிவே பண்ணிட்டியா?”

கேலியாகத்தான் கேட்டார். அப்படித்தான் முடிவு பண்ணியிருந்தேன்.