சத்தம் வைக்காமல் பார்த்த வீடியோக்கள்

முசரவாக்கம் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினால், கலையரசி ஏரிக்கரை ஓரமாகத்தான் வீட்டுக்கு நடக்க வேண்டும். அந்த வழியில் கொஞ்ச நாளாக ஒருவன் பைக்கில் வர ஆரம்பித்திருந்தான். முதலில் பக்கத்தில் வண்டியை மெதுவாக்கி ஏதோ முணுமுணுத்தான். அப்புறம் துப்பட்டாவை இழுத்தான். போன வெள்ளிக்கிழமை மணிக்கட்டையே பிடித்துவிட்டான். உதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

அவள் சொல்லக் கேட்டதும் அவள் கணவன் சத்யராஜுக்குக் கோபம் வந்தது, கோபத்தைவிடப் பயம் அதிகமாக வந்தது. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அவள் திரும்புகிற நேரத்தில் தான் எந்த ஊரில் இருப்போம் என்று அவனுக்கே தெரியாது.

"இப்ப தறியில இருக்கிற பாவு நூல் முடியட்டும் கலை. அதோட வேலையிலேர்ந்து நின்னுடு. இன்னாத்துக்கு இந்த வம்பு?"

பிள்ளையார்பாளையத்துத் தறிக் கொட்டகையில் நூல் சுற்றுவதற்காகச் சேர்ந்தவள் அவள். அவள் வீட்டில் யாரும் தறியைத் தொட்டதில்லை. அடுத்தவர் கையையும் காலையும் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தாள். இப்போது தனித் தறி, சொந்த உட்காருமிடம். எவனோ ஒருவன் பைக்கில் வருகிறான் என்பதற்காக அதை விட்டு எழுந்துவிடுவதா?

சண்டையையும் பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. போனில் தேடினாள். வீடியோக்கள் கொட்டிக் கிடந்தன.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்துத் தறி சுகாசினியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கொட்டகையில் எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட மாட்டார்கள், பாதித் தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் போனில் வருகிற பேச்சு கேட்காது. கேட்டுத்தான் என்ன ஆகப் போகிறது, கண் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

முதல் வீடியோவில் கறுப்பு பெல்ட் கட்டிய ஒருவர் கடற்கரையில் ஒருவனைப் பறந்து பறந்து உதைத்தார்.

"கலைக்கா, இவரு காலு அவன் மேல படவே இல்ல. அதுக்குள்ள வுழுந்துட்டான் பாரு!" என்று சுகாசினி கத்தினாள்.

"கூலிக்கு வுழுறவன் போல."

அதிலிருந்து கலையரசி அடிக்கிறவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அடி வாங்குகிறவனையே பார்க்க ஆரம்பித்தாள். அது சுவாரசியமாக இருந்தது. சிலர் தாமாகவே உருண்டார்கள். ஒருவன் விழுவதற்கு முன்னால் இடம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். ஜீன்ஸ் போட்ட பெண்ணொருத்தி தலைக்கு மேலே காலைத் தூக்கினாள். "நான் இத செஞ்சா ஆஸ்பத்திரிக்கி அவனா தூக்கினு போவான்?" என்றாள் கலையரசி. அடுத்ததில் ஒரு மாஸ்டர் பிடித்த கையை விடுவித்துக் காட்டினார். பிடித்தவனின் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி இழுக்க வேண்டும். இதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று பட்டது.

"புடி."

சுகாசினி பிடித்தாள். நாள் முழுக்கத் தறியில் நாடாக் கட்டையை இங்கும் அங்கும் ஓடவிட்டு அடிக்கிற கை. கலையரசி திருப்பினாள், இழுத்தாள். வரவில்லை.

"எம்மா, உண்மையாவே புடிக்கிறியே!"

"அவன் மட்டும் பொய்யா புடிப்பானா?"

கடைசியாக வந்தவள் சுடிதார் போட்ட, கொஞ்சம் பருமனான பெண். பறக்கவில்லை, உதைக்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கால் அகட்டி நின்று, வாயைப் பெரிதாகத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

"இது இன்னாக்கா, பல் டாக்டருக்குக் காட்டிக்கினு இருக்குது?" சுகாசினி சிரித்ததில் அவளுக்குப் புரை ஏறியது. தள்ளிவிட்டார்கள். கட்டைவிரல் மாஸ்டரையே வைத்துக்கொள்வது என்று முடிவானது. தினமும் பழகியும், பாதி நேரம் கை சிக்கிக்கொண்டது.

அமாவாசை வந்தது. அன்றைக்குத் தறி ஓடாது. வீட்டில் துணி மடித்துக்கொண்டே அதே வீடியோக்களை மறுபடி ஓடவிட்டாள். சத்யராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று போனுக்குள்ளிருந்து ஒருத்தி அலறினாள்.

"யாருடா நீ! கிட்ட வராதே! தள்ளிப் போ!"

சத்யராஜ் கையிலிருந்த சோறு தட்டுக்கு வெளியே விழுந்தது. "யாரு? இன்னா ஆச்சு?"

பல் டாக்டர்காரிதான். கலையரசி போனைக் கையில் எடுத்து முதலிலிருந்து கேட்டாள். சண்டை போட்டு ஜெயிக்க வேண்டாம், அங்கிருந்து போய்ச் சேர்ந்தால் போதும் என்றாள் அந்தப் பெண். கை அப்புறம், முதலில் குரல். பெயர் தெரியாவிட்டால் சட்டையின் நிறத்தைச் சொல்லிக் கத்துங்கள், நாலு பேர் யாரைப் பார்ப்பது என்று தெரிந்து திரும்புவார்கள் என்றாள்.

கலையரசிக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் அவள் ஏரிக்கரையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டு ஓடினாள். ஊருக்குத் தெரியக் கூடாது என்று அவனும்தானே நினைத்திருப்பான்?

எழுந்து நின்றாள். கையை நீட்டினாள். ஓடுகிற தறிகளுக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை.

"தள்ளிப் போடா!"

பக்கத்து வீட்டு ரேவதி கரண்டியோடு ஓடி வந்தாள். "இன்னா கலை? பாம்பா?"

அடுத்த வாரம் பொழுது சாய்கிற நேரத்தில் பைக் வந்தது, வேகம் குறைந்தது. கலையரசி இந்தத் தடவை ஓடவில்லை. திரும்பி, காலை அகட்டி நின்றாள்.

"ஏய் பச்ச சட்டை! யாருடா நீ! கிட்ட வராத!"

ஏரியில் தூண்டில் போட்டிருந்தவர்கள் எழுந்தார்கள். ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கும் சிட்டிபாபு எட்டிப் பார்த்தார். பைக்கில் வந்தவன் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை அவள் எதிர்பார்க்கவில்லை. அவசரமாக வண்டியைத் திருப்பப் போய் மண்ணில் சறுக்கி, காலை ஊன்றித் தடுமாறி, ஒருவழியாக ஓட்டிக்கொண்டு போனான். அதற்குள் சிட்டிபாபு வண்டி நம்பரைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் சத்யராஜும் அவருமாக அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார்கள்.

பாவு முடிகிற நாளில், அடுத்த பாவைத் தனக்கே வைக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டுவிட்டு வந்து, அதை சத்யராஜிடம் சொன்னாள். அவன் ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"பஸ் ஏறினதும் போன் பண்ணு. எறங்கினதும் பண்ணு."

"ரெண்டு தபா எதுக்குப்பா?"

"எம் மனசு நிம்மதிக்குத்தான்," என்றான்.