என் சோளத்தில் ஏறிய கரி

எழுத்து எனக்குக் கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் அதிகம். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் என்பதால் எழுதுகிறேன்.

பேரையூருக்குத் தெற்கே எங்கள் மானாவாரிக் காடு. வீட்டுக்காரர் இறந்த பிறகும் நானே சோளம் போடுகிறேன். தட்டை மாட்டுக்கு, சோளம் எனக்கு. பக்கத்துக் காடு கொழுந்தனுடையது.

போன மார்கழியில் கதிர் வெளிவந்தபோது பகீரென்றது. மணி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் கூம்பு கூம்பாக ஏதோ இருந்தது. நசுக்கினால் உள்ளே கரித்தூள். பாதிக் கதிர் அப்படித்தான்.

கொழுந்தன் நாலு ஆண்களோடு வரப்பில் வந்து நின்றார்.

“மதினி, யாரு வெதச்சது?”

“நான்தான்.”

“அதான பாத்தேன். தாலி எறங்குன கை வெதையில பட்டா கருகத்தான செய்யும்.”

கூட நின்றவர் ஒருவர் சிரித்தார். “ஏண்ணே, ஒங்க காட்டுக்குக் களையெடுக்கக் கூப்புடுறப்ப அந்தக் கை ஒண்ணுஞ் செய்யாதோ?”

“நீ சும்மா இருப்பா,” என்றுவிட்டு என் பக்கம் திரும்பினார். “மதினி, பேசாம காட்ட என்கிட்ட விட்டுருங்க. வார புரட்டாசிக்கு நானே போட்டுக்கிறேன். ஒங்களுக்குத் திங்கச் சோளம் வந்துரும்.”

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். திருப்பூரில் இருக்கும் மகனுக்கு அதற்குள் போன் போயிருந்தது. “சித்தப்பா சொல்றதும் சரிதானம்மா, இந்த வயசுல எதுக்கு ஒனக்கு?” என்றான். காடு கைவிட்டுப் போனால், ஒரு படிச் சோளத்துக்கும் கொழுந்தன் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அது அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் கரிக்கதிரை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு விவசாய ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரியம்மா கதிரை நசுக்கிப் பார்த்தார்.

“கரிப்பூட்டை நோயும்மா. வெதை ஏது?”

“என் சோளந்தான்.”

“கதிர எங்க அடிச்சீங்க?”

“தார் ரோட்டுல.”

“அதே எடத்துல வேற யாரும் போட்டிருந்தாங்களா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் களம் கிடையாது. கதிரை ரோட்டில் பரப்பிவிட்டால் பஸ்ஸும் லாரியும் ஏறி அடித்துக் கொடுக்கும். அதற்கு முந்தின அறுப்பில் முதலில் பரப்பியவர் கொழுந்தன். பஸ் போகப் போகக் கறுப்பாகத் தூசி எழும்பியது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அவர் நின்றதை நானே பார்த்தேன். அள்ளி முடித்ததும், “கரியெல்லாம் காத்துல போயிரும் மதினி, எடம் சூடேறிக் கெடக்கு, இங்கயே போடுங்க,” என்றார். நம்பிப் போட்டேன். அந்தச் சோளத்தைத்தான் விதைக்கும் எடுத்து வைத்தேன்.

விதையில் ஒட்டிய தூள் பயிரோடு வளர்ந்து கதிரில்தான் தெரியும் என்றார் அதிகாரியம்மா. கரிக்கதிரைப் பைக்குள் விட்டு அறுத்து எரிக்கவும், விதையில் கந்தகத்தூள் கலக்கவும் சொன்னார்.

புரட்டாசியில் ஒருநாள் என் காட்டு ஓரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. என்னைக் கேட்காமலே கொழுந்தன் டிரைவரோடு உழவுக்கு வந்திருந்தார். ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

“டிராக்டரத் திருப்புங்க தம்பி. காடு எனக்கு வேணும்.”

“மறுபடியும் கரி வெளைய வைக்கவா?”

“கரி என் கையில இருந்து வரல. ரோட்டுல நீங்க போட்ட கதிருல இருந்து வந்துச்சு.”

“எவ சொன்னா?”

“ஆபீசுல சொன்னாக. தூசின்னு மூக்குல துண்டு கட்டுனீகளே, எனக்கு ஒரு வார்த்த சொன்னீகளா?”

“கெழவிக்கு வாய் வந்துருச்சு,” என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பச் சொன்னார்.

வேறு டிராக்டர் பிடித்து உழுதேன். விதையும் வேறு வாங்கினேன். விதைத்தது இந்தக் கைதான். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. பேசவும் வேண்டாம். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால் தப்பென்று சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்.

ஒரு கிலோ விதைக்குக் கந்தகத்தூள் எவ்வளவு என்று அந்த அம்மா சொன்னதை மறந்துவிட்டேன்; கைமதிப்பில்தான் கலந்தேன். நோயின் பெயர் சரிதானா என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்தி, அளவையும் எழுதிக் கொடுங்கள். கொழுந்தன் பேசிய பேச்சில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதில் எனக்கு மறதி இல்லை.